சோலெக்ஸ் செம்பதிப்பு: குறிஞ்சிப்பாடி வட்டார மூலபாட ஆய்வு

பழைய காரின் கார்புரேட்டரைப் பிரித்து, கழுவி, மறுபடி மாட்டும் தொழிலை உலகம் இன்றுவரை மெக்கானிக் வேலை என்றே வகைப்படுத்தி வருகிறது. இது பிழை. அது பதிப்பியல் வேலை. அதைச் செய்பவர் பதிப்பாசிரியர். கையில் கிரீஸ் இருப்பதாலேயே அவருக்கு அந்தப் பட்டம் மறுக்கப்பட்டிருக்கிறது. இக்கோட்பாட்டை நிறுவ இங்கே எடுத்துக்கொள்ளும் மூலம், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் சோலெக்ஸ் கார்புரேட்டர். ஆய்வெல்லை, கிழக்கே குறிஞ்சிப்பாடி, மேற்கே நெய்வேலி டவுன்ஷிப், நடுவே வடலூர். இந்த எல்லை ஏன் என்று கேட்போர் ஒன்றை நினைவுகொள்ள வேண்டும். பிற்காலத்தில் கருங்குழியிலும் வடலூரிலும் வாழ்ந்த வள்ளலார் 1851இலேயே ‘ஒழிவிலொடுக்க’த்தைப் பதிப்பித்தவர். உ.வே.சா.வின் ‘சீவக சிந்தாமணி’ அச்சேறியது 1887இல்தான். ஆக, பாடம் திருத்தும் மரபில் இவ்வட்டாரம் முந்திக்கொண்டது என்க.

முதலில் மூலத்தின் வரலாறு. ஹெரால்டுக்கு உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர்; பெற்ற நாடு இங்கிலாந்து; வளர்த்தெடுத்தது நம் வண்டலூர். அங்கே 1961இல் தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டு காலம் இந்த வண்டி தயாரானது. எஞ்சின் 948 சிசி. அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுக்க வெளிச்சத்துக்கு வந்துவிடும். கார்புரேட்டரைக் காலமெல்லாம் குடைந்துகொண்டிருக்கப் போகிறார்கள் என்பதை உணர்ந்த தீர்க்கதரிசனம் இது என்பது நம் துணிபு. அந்தக் கார்புரேட்டரோ முழுக்க எண்களால் ஆன ஒரு சூத்திர நூல். காற்று ஒடுங்கிய கழுத்து வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறையும். குறைந்த இடத்துக்குப் பெட்ரோல் ஜெட் வழியாக ஏறும். பெர்னூலி 1738இல் எழுதியதும், பிறகு வெஞ்சூரி ஆராய்ந்ததும் இதற்கு அடிப்படை. சோலெக்ஸ் ஜெட்டின் தலையில் ஓர் எண் பொறித்திருக்கும். 100 என்றால் துளையின் விட்டம் 1 மில்லிமீட்டர். 120 என்றால் 1.2. இதைவிடச் சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் நூற்பா நம் இலக்கணங்களிலேயே அரிது.

இத்தகைய நூலுக்கு அறுபது ஆண்டுகளில் நேர்ந்ததுதான் நம் ஆய்வுப்பொருள். ஏடெழுதுவோர் செய்த பிழையெல்லாம் இதிலும் உண்டு. தலையாயது, அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்துவது. ஜெட் பித்தளை, கம்பி இரும்பு. யார் தோற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1 மில்லிமீட்டர் துளை 1.1 ஆனால் பரப்பு 21 விழுக்காடு கூடும். தலையில் 100 என்று எழுதியிருக்கும். துளை 110 என்று பேசும். சொல் ஒன்று, பொருள் வேறு. இரண்டாவது இடைச்செருகல். நீடில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரின் கனம்தான் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஓவர்ஃப்ளோவுக்கு வைத்தியமாக யாரோ ஒரு வாஷரைக் கூடுதலாகப் போட்டிருப்பார், மட்டம் இறங்கியிருக்கும், வண்டி மேட்டில் திணறியிருக்கும், அதைச் சரிசெய்ய அடுத்தவர் ஜெட்டைப் பெருக்கியிருப்பார். பிழைக்கு உரை எழுதி, உரைக்கு உரை எழுதிய கதை. மூன்றாவது, வலிந்து பொருள் கொள்ளும் உரைகாரர்களின் கைவரிசை. போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கியதில் துத்தநாகக் கலவை உடல் வளைந்து, ஃப்ளேஞ்ச் வழியே திருட்டுக் காற்று நுழைகிறது. நான்காவது காலத்தின் கை. திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து, தேய்ந்த ஓரத்திலும் காற்று புகுகிறது. திறந்தவெளிச் சுரங்கமும் அனல் நிலையச் சாம்பலும் உள்ள நெய்வேலியில் ஏர் ஃபில்டரை அசட்டை செய்தவர் இந்தக் கையை விரைவுபடுத்தியவர்.

செம்பதிப்பு முறை இனி வருமாறு. பதிப்பாசிரியர் ஒரே பிரதியை நம்பமாட்டார். சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியலிலிருந்து இன்னொரு சோலெக்ஸை வாங்கி, ஜெட் எண்களை ஒப்புநோக்குவார். ஐயப் பாடம் வந்தால், நிறுவனத்தின் சர்வீஸ் கையேடே முடிவு. டீக்கடைக் கருத்து துணைச்சான்று மட்டுமே. ஃப்ளேஞ்சைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்த எமரித் தாளில் தேய்த்துச் சமனாக்குவார். ஸ்பிண்டில் துளையை லேத்தில் பெருக்கிப் புஷ் அடிப்பார். ஜெட்டைக் கரைப்பானில் ஊறவைத்து, ஏர் அடித்து ஊதுவார், கம்பியைத் தொடார். துடைக்கும் துணியிலும் கவனம் தேவை. பனியன் வேஸ்ட் உதிர்க்கும் ஒரு பஞ்சிழை பைலட் ஜெட்டை அடைத்துவிடும். கைலி நெசவுக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடியில் பலமுறை துவைத்துப் பழகிய கைத்தறித் துண்டுக்கா பஞ்சம்? கடைசியாக மிக்ஸ்சர் ஸ்க்ரூ. மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும் என்பது ஒரு பள்ளி. இரண்டு சுற்று என்பது இன்னொரு பள்ளி. எஞ்சின் சூடேறிய பிறகு காதால் கேட்டு நிறுத்துவதே முடிவு என்பதில் இரு பள்ளிகளுக்கும் பேதமில்லை. ஆனாலும் சண்டை ஓயவில்லை.

இனி மறுப்புகள். புதிய டூப்ளிகேட் கார்புரேட்டர் மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பார்கள். கழுத்து விட்டமும் ஜெட்டும் வேறாக உள்ள ஒன்றை மாட்டினால் வண்டி ஓடும், உண்மைதான். அட்டை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு நூலின் தாள்களை உள்ளே வைத்துத் தைத்தாலும் அது புத்தகம் போலத்தான் இருக்கும். வயதானதை விட்டுவிடலாமே என்பாரும் உண்டு. 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையத்தை 2020 வரை ஓட்டிக்காட்டிய நெய்வேலியில் நின்றுகொண்டு இந்த வாதத்தைச் சொல்லக் கூடாது. அடுத்தது சற்றுக் கூர்மையானது: நீடில், ஃப்ளோட், ஜெட், கேஸ்கெட், புஷ் எல்லாம் மாற்றிய பின் ஒரிஜினல் என்று எதைச் சொல்வது? இதற்கு விடை எளிது. ஓலை தாளானது, எழுத்தாணி அச்சானது. அதனால் சிந்தாமணி வேறு நூலாகிவிடவில்லை. கார்புரேட்டரின் மூலம் அதன் உலோகத்தில் இல்லை, அளவுகளில் இருக்கிறது. அளவு நின்றால் மூலம் நின்றது.

இப்படிச் சொன்னதும் மிகப் பெரிய மறுப்பு எழுகிறது. ஏளனத்தால் அதைக் கடக்க முடியாது. நூல் மாறாமல் நிற்கலாம், பெட்ரோல் மாறிவிட்டதே! இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு தனிப் பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது, மூல அளவில் துல்லியமாகத் திருத்திய ஹெரால்டுக்கு இன்று சுமார் 8 விழுக்காடு எரிபொருள் பற்றாது. மேலும் எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் மிகுந்தால் அடியில் பிரிந்து தங்கித் துத்தநாக உடலை அரிக்கும். கருங்குழியில் வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்தார் என்பது இவ்வூர் நம்பிக்கை. சோலெக்ஸுக்கு அந்த அருள் கிட்டவில்லை. எனவே நம் கோட்பாட்டைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆனால் கைவிட வேண்டியதில்லை. காலத்தோடு வாசகன் மாறும்போது நல்ல பதிப்பாசிரியர் மூலத்தைத் திருத்தமாட்டார், உரை எழுதுவார். 100 எண் ஜெட்டைக் கழற்றிவிட்டு 105 மாட்டலாம். பரப்பு 10 விழுக்காடு கூடும், பற்றாக்குறை தீரும். டயாஃப்ரம், ஹோஸ் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் போடலாம். முன்னவர்கள் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே. அவர்கள் மாற்றினார்கள், சொல்லவில்லை. இவர் மாற்றியதை எழுதிவைக்கிறார்.

ஆகவே தீர்ப்பு: ஒரிஜினல் கார்புரேட்டரைச் செப்பனிடுவதே முறை, மூல அளவுகளை முதலில் மீட்டெடுப்பதும், பிறகு இன்றைய பெட்ரோலுக்கு வேண்டிய அளவு மட்டும் விலகுவதும் அதன் இரு படிகள். கழற்றிய ஜெட்டைச் சிறு பொட்டலத்தில் கட்டி, எண்ணும் தேதியும் எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அதுவே பதிப்புரை. கம்பியை மட்டும் தயவுசெய்து அவர் கண்ணில் படாமல் ஒளித்துவையுங்கள்.