குடிபெயர்ந்தோர் பொருளதிகாரம்

ஆய்வுச் சுருக்கம்

புதிய ஊருக்குக் குடிபெயர்ந்த ஒருவருக்கு அவ்வூரின்மேல் பற்று எப்போது, எதனால் பிறக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்களம் கோயம்புத்தூர். ஆய்வுக்கு உட்பட்டவர் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர். அவரும் ஆய்வாளரும் ஒருவரே. வேறு ஆள் பிடிக்க நிதியில்லை. ஆய்வுநெறி தொல்காப்பியருடையது. காதலுக்கு வகுத்த இலக்கணத்தை ஊருக்குப் பொருத்தலாமா என்பார்க்கு விடை: வாடகை முன்பணம் கொடுத்தபின் ஊரைக் காதலிக்காமல் என்ன செய்வது?

முன்னோர் கருத்துகள்

இத்துறையில் முன்பே பேசியோர் இரு பள்ளியினர். முதற்பள்ளி பார்க்கவேண்டிய இடங்களை அடுக்குவது: மருதமலை, பேரூர், ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம், 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம், 'அப்படியே ஊட்டி'. இவை விருந்தாளிக்கு உரியவை. வீட்டுக்கு உறவினர் வராத நாளில் உள்ளூர்க்காரர் ஒருவர் அருங்காட்சியகம் போனதாகச் சான்று கிடைக்கவில்லை. ஊட்டியைப் பரிந்துரைப்பதோ, ஊரை நேசிக்க ஊரைவிட்டுப் போகச் சொல்வது. இரண்டாம் பள்ளி 'போகப் போகப் பழகிடும்' என்பது. பழக்கம் வேறு, பற்று வேறு, கொசுக்கடியும்தான் பழகிவிடுகிறது.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது கோவை. மலைத்தொடரில் பாலக்காட்டருகே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஓர் இடைவெளி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, கையை வீசிக்கொண்டு அவ்வழியே உள்ளே வருகிறது.

பொழுது ஆனி, ஆடி, மாலை. மதுரையில் ஆனி மாதம் இன்னும் சித்திரை போலவே நடந்துகொள்ளும். இங்கோ மொட்டைமாடிக்குத் துணியெடுக்கப் போன ஆய்வாளர், துணியை மறந்து நெடுநேரம் நின்றார். கீழே இறங்கியதும், "என்ன காத்தோ, துணியெல்லாம் பக்கத்து வீட்டுல கிடக்கு" என்று சலித்துக்கொண்டார். களவுக் காலத்தில் மறைத்தல் இயல்பு.

கருப்பொருள்

தொல்காப்பியர் பெயர்சொல்லி எண்ணிய கருப்பொருள்கள் எட்டு. அவற்றில் நீர் இல்லை. பின்வந்த நாற்கவிராச நம்பி பட்டியலை 14 ஆக்கி நீரையும் சேர்த்தார். கோவையை ஆராய்வோர் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

நீர்: வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும் முன்பே சொன்னார். "சிறுவாணித் தண்ணிங்க தம்பி. ஒலகத்துலயே ரெண்டாவது ருசிங்க." முதலிடம் எதற்கு என்று கேட்கப்பட்டது. "அது எங்கியோ வெளிநாட்டுலங்க." மளிகைக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் அலுவலகத்திலும் இதே கேள்வி தொடர்ந்து கேட்கப்பட்டது. இரண்டாம் இடத்தைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. முதலிடத்தைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. இதை அளவீடு என்று கொள்ளாமல் பண்பாடு என்று கொள்வதே பொருத்தம். மதுரைக்காரரானால் முதலிடத்தை எடுத்துக்கொண்டிருப்பார். கொங்கு நாட்டார் மரியாதைக்கு ஓர் இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். அணை இருப்பதும் பாலக்காடு மாவட்டத்தில்தான். ஆக, ஊர்ப்பெருமைகளில் காற்று, நீர் இரண்டும் கேரளத்து வரவு. இம்முடிவைத் தேநீர்க்கடையில் உரக்கச் சொல்வது ஆய்வாளரின் உடல்நலத்துக்கு ஏற்றதன்று.

உணவு: மாலையில் தள்ளுவண்டிக் கல்லில் கொத்தி, மசாலாவில் புரட்டி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவது காளான். அதில் முட்டைக்கோசே பெரும்பான்மை, காளான் சிறுபான்மை. பரோட்டா நகரிலிருந்து வந்தவர் இதை முதலில் ஏளனமாகவும், பின்னர் நின்றுகொண்டும், அதன்பின் பார்சலாகவும் உண்டார். வீட்டுக்குள் நுழைந்த உணவு அரிசியும் பருப்பும் சாதம். சின்ன வெங்காயம் வதக்கிப் பருப்போடு ஒரே குக்கரில் வேகும் இச்சோறு, நெய் ஊற்றியதும் குழம்பின் தேவையையே ஒழித்துவிடுகிறது. சமைப்பவருக்குப் புது ஊர் பிடித்துப்போக இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பறை: விடியலில் பக்கத்து வீட்டில் சுழலும் கிரைண்டர். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரைத் துயிலெடை முரசாகக் கொள்வதில் இலக்கணத் தடை ஒன்றுமில்லை.

தொழில்: 1930களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளைத் தொடர்ந்து பட்டறைகளும், மோட்டாரும், பம்பும் வந்தன. அந்த வரலாற்றின் பயனை ஆய்வாளர் நேரில் கண்டார். சுற்றாத மின்விசிறியைப் பட்டறைக்குத் தூக்கிப்போய்ப் புதிது வாங்கலாமா என்று யோசனை கேட்டபோது, அங்கிருந்த பெரியவர் முகம் சுளித்தார். "எதுக்குங்க புதுசு? காயில் கட்டுனா இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க." விற்கக்கூடிய ஒன்றை விற்காமல் பழுதுபார்த்துத் தந்த அந்தக் கணத்தில் பற்றின் அளவு சட்டென ஏறியது. இத்தகைய ஏற்றத்தை எந்த அருங்காட்சியகமும் தரவில்லை.

மரம்: இங்கே ஒரு சிக்கல். இவ்வூர் நாட்டுக்குத் தந்த பெரும்பயிர் கரும்பு. 1912இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பிறந்த ரகங்கள் கோயம்புத்தூரின் முதலெழுத்தான 'கோ'வைத் தாங்கியவை. வட இந்திய வயல்களிலும் அப்பெயரோடுதான் வளர்கின்றன. ஆனால் உள்வயிரம் உள்ளது மரம், புறவயிரம் உள்ளது புல் என்பது தொல்காப்பிய விதி. அதன்படி கரும்பு புல்லினம். வாழும் ஊரின் பெருமையைக் கருதி விதியைச் சற்றே தளர்த்தி, கரும்பு இங்கே மரமாக ஏற்கப்படுகிறது. நடுநிலை தவறிவிட்டது என்று சிலர் சொல்லலாம். பற்று பிறந்ததற்கு அதுவே சான்று என்பது நம் விடை.

விலங்கு: யானை. மலையடிவாரத்துத் தெருக்களில் இரவில் நடந்துபோன யானையின் படம் காலையில் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். 'கோயம்புத்தூரில் யானை' என்று அனுப்பிக்கொண்டிருந்தவர், 'நம்ம ஊரில் யானை' என்று மதுரைக்கு அனுப்பத் தொடங்கும் நாள் குறித்துவைக்கத்தக்கது.

உரிப்பொருள்

ஐந்திணைக்கும் உரிய ஒழுக்கங்கள் குடிபெயர்ந்தோர் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

பாலை, பிரிதல்: ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறுவது. நெய்தல், இரங்கல்: தூங்காநகரில் பழகிய வயிறு, நள்ளிரவில் திறந்த கடையைத் தேடிப் புலம்புவது. முல்லை, இருத்தல்: கேஸ் இணைப்புக்கும் ஆதாரில் முகவரி மாற்றத்துக்கும் காத்திருப்பது.

மருதம், ஊடல்: இதுவே திருப்புமுனை. நெய்தலில் "இந்த ஊர் டிராஃபிக் ஆகாதுப்பா" என்றவர், மருதத்தில் "காந்திபுரத்தை இப்படி விட்டுவெச்சிருக்காங்களே" என்கிறார். முன்னது வெளியாள் சொல்லும் குறை; பின்னது உரிமைக்காரன் சொல்லும் குறை. தலைவிக்குத்தான் ஊடும் உரிமை உண்டு, வழிப்போக்கருக்கு இல்லை.

குறிஞ்சி, புணர்தல்: மதுரையிலிருந்து அத்தை வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா தண்ணி இது, ஒரு ருசியும் இல்ல" என்றார். ஆய்வாளர் நிமிர்ந்தார். "அத்தே, விவரம் தெரியாமப் பேசாதீங்க. சிறுவாணித் தண்ணி. ஒலகத்துலயே ரெண்டாவது ருசி." முதலிடம் எது என்று அத்தை கேட்டார். "அது எங்கியோ வெளிநாட்டுல." ஆய்வு இங்கே முற்றுப்பெற்றது. பற்று, ஊரின் அழகைக் கண்டு வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கருப்பொருள்களில் சேர்ந்துகொண்டே இருந்து, வெளியாள் ஒருவர் குறைசொன்னதும் வாயைத் திறக்கிறது.

மறுப்பும் விடையும்

பிறந்த ஊருக்கு இது துரோகமாகாதா என்று அத்தை தரப்பில் தடை எழுப்பப்பட்டது. திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் இரண்டு ஓரிடத்தில் மயங்குவதில்லை என்பது தொல்காப்பியர் துணிபு. அதன்படி ஒருவர் கோவையை மதுரைக்காரராகவே நேசிக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

நடைமுறை விளைவு ஒன்றை மட்டும் பதிவு செய்வது கடமை. கோவையில் ஜிகர்தண்டா குடித்தால் "மதுரை மாதிரி வராது" என்கிறார் ஆய்வாளர். மதுரையில் தண்ணீர் குடித்தால் "கோவை மாதிரி வராது" என்கிறார். பிறந்த ஊரிலேயே இருந்துவிட்டவருக்குக் குறைசொல்ல ஓர் ஊர்தான் உண்டு. குடிபெயர்ந்தவருக்கு இரண்டு. இரண்டிலும் உரிமையோடு சொல்லலாம்.