கூதிர்காலத்தில் குரங்குக் குல்லா

அக்கா மகள் நாவல் எழுதுகிறாள். பனிக்கடவுளுக்கு வசந்த தேவதை மேல் காதல். ஆனால் அவன் வந்தால் அவள் கிளம்பியாக வேண்டும். "எப்படி மாமா?" என்றாள். இதற்குக் கிரேக்கப் புராணம் வரை போவானேன் என்று தொல்காப்பியத்தை எடுத்துவைத்தேன்.

அதில் எல்லாம் தயார். நிலத்துக்கு ஒரு தெய்வம், ஒரு பருவம், ஒரு வேளை. மலைக்கு முருகன், கூதிர்காலம், நள்ளிரவு. காதலர் கூடுவதற்கான ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எங்கள் நீலகிரியில், குன்னூர்ப் பக்கம் எப்படிக் கொட்டும் என்று தொல்காப்பியரிடம் யாரும் சொல்லவில்லை போல. ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா சகிதம் வந்து நிற்பவன் தன் தலைவன்தானா என்று தலைவிக்கு எப்படித் தெரியும்?

இரவில் வரும் தலைவனுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த தடைகள் நாய், நிலவு, ஊர்க்காவலர். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் காவலுக்கு மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமான எம்.ஆர்.சி.யே இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758-இல் உருவான படை, போர்முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" அது காதில் விழுந்த பிறகு களவாவது ஒன்றாவது, மறுநாளே தாம்பூலத்தட்டோடு கற்புக்கு வந்துவிடுவான்.

வள்ளியைப் பயமுறுத்த முருகன் அண்ணனை யானையாக வரவழைத்தான். இங்கே பிள்ளையாருக்கு அந்த அலைச்சல் இல்லை, தெருவிளக்கடியில் காட்டெருமை நிற்கும். ஆனால் இந்த ஊர் வள்ளி, "அது பாட்டுக்கு நிக்குது, நீங்க ஓரமா வாங்க" என்பாள். பயந்து கட்டிக்கொள்வது முருகனாகத்தான் இருக்கும்.

முல்லைத் தலைவன் கார்காலம் வந்தால் திரும்புவேன் என்பான், சில மாதக் கெடு. நீலகிரிக்காரன் 2018-இல், "அடுத்த தடவை குறிஞ்சி பூக்கும்போது வர்றேன்" என்று சொல்லிப் போயிருந்தால் 2030 வரை அவளுக்கு முருகன்தான் துணை.

பாலையில் மட்டும் தொல்காப்பியருக்கு ஒரு கும்பிடு. பிரிவுக்கு வேனில், நண்பகல் என்றாரே! மே மாத மதியம் பர்லியார் கொண்டை ஊசி வளைவில் சீசன் கூட்டத்தில் சிக்கியவனுக்கு உரையாசிரியர் தேவையில்லை. நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸும் வேண்டும். உள்ளூர் டி.என். 43 நம்பர் வண்டி என்றால் விட்டுவிடுவார்கள். பழனியிலிருந்து மயிலில் வருகிறவர் எந்த நம்பரைக் காட்டுவார்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சட்டென்று நோட்டை விரித்தாள். "பனிக்கடவுள் பர்லியார்லயே மாட்டிக்கட்டும் மாமா. அவன் மேல வந்தாத்தானே அவ போகணும்? இவ கீழ இறங்கி வரட்டும்."

"இறங்கி வந்து?"

"ரோட்டோரம் மங்குஸ்தான் வாங்கித் தின்னுட்டுப் பேசட்டும். பிளாக் கிளியர் ஆக எப்படியும் நேரமாகும்."