குழாய்ப் புணரியல்: ஒரு கிள்ளான் வட்டாரக் கள ஆய்வு

இங்கிலாந்தில் வீட்டையே சூடாக்குகிறார்கள். பாய்லரில் நீரைக் காய்ச்சி அறைக்கு அறை குழாயில் சுற்றவிடுகிறார்கள். அங்கே குடியேறிய என் தம்பி, அந்தக் குழாய்களைத் தன் கையாலேயே போட்டதாகப் படம் அனுப்பினான். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த வேலையைச் சூரியன் இலவசமாகச் செய்துவிடுவதால், எனக்கு மிஞ்சியது குளியலறை வாட்டர் ஹீட்டர்தான். (தமிழ்நாட்டார் இதைக் கீசர் என்பர். ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டு இங்கே ஒட்டாதது தனி ஆய்வுக்குரியது.)

என் துணிபு: குழாய் வேலை இலக்கணத்தின் ஒரு கிளை. பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் விதி வகுத்துவிட்டார். கையில் ஸ்பேனர் இல்லாததால் சொற்களை வைத்து விளக்கினார், அவ்வளவே.

சுவருக்குள் நிற்பது நிலைமொழி. ஹீட்டரிலிருந்து வரும் வளைகுழாய் வருமொழி. இரண்டும் அரை இஞ்சு மரை. மாறுதலின்றிச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. இதைக் கடையில் மாட்டிய மாதிரியில் பார்த்திருக்கிறேன், வீடுகளில் கண்டதில்லை.

உயிரும் உயிரும் நேரே சேரா. மணியோடு அழகு சேர, நடுவே யகரம் வரவேண்டும். மரையும் மரையும் அப்படித்தான். இங்கே உடம்படுமெய் வெள்ளை டெஃப்லான் டேப். அதை முடுக்கும் திசையிலேயே வலஞ்சுழியாகச் சுற்றவேண்டும். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். எத்தனை சுற்று என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மச்சான் எட்டு என்கிறார். கிள்ளான் ஹார்ட்வேர் கடை அங்கிளோ, "பதினைஞ்சு போடுங்க சார், ஒரு வெள்ளிதானே!" என்கிறார். விற்பவர் பாடம் என்பதால் இதை இடைச்செருகலாகக் கொள்ளலாம்.

விகாரம் மூன்று. தோன்றல்: வாழையோடு பழம் சேர்ந்தால் பகரம் தோன்றும், இங்கே நீர் தோன்றும். திரிதல்: மரை கோணலாக ஏறுதல். கையால் இரண்டு சுற்று ஏற்றிப் பார்க்காமல் எடுத்தவுடன் ஸ்பேனர் பிடிப்பவர்க்கு இது வாய்க்கும். எனக்கு வாய்த்தது. ஆனால் விரித்துப் பேசத் தக்கது கெடுதல்தான். மரத்தின் ஈற்று மகரம் கெட்டு மரவேர் ஆவதுபோல, பழைய தாமான் வீடுகளில் நிலைமொழியின் ஈறு கெடும். அவை துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். மரை வெட்டிய இடத்தில் இரும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். மீதியைத் துரு தின்றிருக்கும். பழைய ஷவரைத் திருகினேன். ஈறு ஷவரோடு கையில் வந்தது. நிலைமொழி சுவருக்குள் நின்றுவிட்டது.

கூரையடித் தொட்டி ஷவருக்கு 2 மீட்டர் மேலே. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்றால் எனக்குக் கிடைப்பது 0.2, ஆகவே பம்ப் வைத்த ஹீட்டர். அதன் 3.6 கிலோவாட், நிமிடத்துக்கு 3 லிட்டர் நீரை ஏறத்தாழ 17 டிகிரி உயர்த்தும். இங்கே குழாய் நீர் 28 டிகிரி. குளிக்க 40 போதும். ஆக, இத்தனை பாடும் 12 டிகிரிக்கு.

மின்சாரத்தில் மட்டும் புலமை காட்டவில்லை. ஈரத்தரை உள்ள இடங்களில் 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதி. ஹீட்டர் இழுப்பதோ 15 ஆம்பியருக்கு மேல். இதில் தோன்றல் நேர்ந்தால் கட்டுரை எழுத ஆள் இருக்காது. வயர்மேனைக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்தார். "மொதல்ல பைப்ப முடிங்கண்ணே" என்று போய்விட்டார்.

தொட்டி வால்வை மூடி மூன்று நாளாகிறது. ஈறு உடைந்து சுவருக்குள் நின்ற துண்டைக் கடித்துத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், அரை இஞ்சு, கிள்ளானிலோ ஷா ஆலமிலோ யாரிடமாவது இருந்தால் ஒருநாள் இரவல் தாருங்கள். ஈப்போவுக்குப் போன என் மனைவி வெள்ளிக்கிழமை திரும்புகிறார்.