கழிப்பறைக் காகிதத்தில் ஒரு நாவல்

கேள்வி: போராளி எழுத்தாளர்களுக்கு உள்ளூரைவிட வெளிநாட்டில்தான் பேர் அதிகமாமே, ஏன்?

பதில்: உள்ளூரிலும் பேர் உண்டு, போலீஸ் பதிவேட்டில்! கென்யாவின் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் நாவல் எழுதிய வரைக்கும் அரசு சும்மா விட்டது. 1977-ல் கமிரீத்து கிராமத்து விவசாயிகளையே நடிக்கவைத்து, கிக்கூயு மொழியில் நாடகம் போட்டார்; வருஷம் முடிவதற்குள் கைது. விசாரணையே கிடையாது. சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் தாய்மொழி நாவல் எழுதினார். சொரசொரவென்ற முரட்டுக் காகிதம். உடம்புக்கு ஆகாதது பேனாவுக்கு ஆயிற்று! 1980-ல் புத்தகமானதும், மதுக்கடைகளில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஊர்ப் புகழுக்குப் பயந்துதான், விடுதலையாகி வெளிநாடு போனவரை அரசு நாடு திரும்பவிடாமல் செய்தது. அமெரிக்கப் பேராசிரியர் பதவியெல்லாம் அதற்கப்புறம். அந்தச் சிறை நாவல் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்திருக்கிறது, தேடிப் படியுங்கள்.