இலவசமாம், கையெழுத்துப் போடுங்கள்

அமெரிக்காவில் பெரிய லாரி கம்பெனிகள் பல, தங்கள் காசிலேயே ஓட்டக் கற்றுத்தருகின்றன. கட்டணம் கிடையாது. ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே வேலை பார்ப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்; நடுவில் கழன்றுகொண்டால் ஆயிரக்கணக்கான டாலரை எண்ணி வைக்க வேண்டும். கல்யாணத்தில்கூட இவ்வளவு கறார் இல்லை.

2022 பிப்ரவரி 7 முதல் புதியவர்களுக்குப் பயிற்சி கட்டாயம். எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் மத்திய விதி சொல்லவில்லை, தேறினால் போதுமாம். ஆகவே நாலு பேருக்கு ஒரு லாரி. ஒருவர் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறார். மற்ற மூவரும் வெயிலில் நின்று, நசுங்கப்போகும் ஆரஞ்சு கூம்பைப் பார்த்தே பாடம் படிக்கிறார்கள். டிரெய்லர் இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே கூம்புக்குப் புரிந்துவிடுகிறது.

லைசென்ஸ் வந்ததும் 80,000 பவுண்டு வரை எடையை நம்பி ஒப்படைப்பார்கள். நம்பிக்கையெல்லாம் அந்த ஒப்பந்தத்தின் மேல்தான்.