வருக, மூன்று கிலோ வாடிக்கையாளரே!

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் புதிதாகப் பிறந்து, முதல் அழுகையை முடித்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருக்கும் மாண்புமிகு சிசு அவர்களே, வருக, வருக! தங்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வாக்குரிமை வர இன்னும் பதினெட்டு ஆண்டு ஆகும். அதனால் என்ன? குடிமகளாகத் தங்களை நாடு கவனிக்கும் முன்பே வாடிக்கையாளராகச் சந்தை கவனித்துவிட்டது. தங்கள் அம்மா ஏழாம் மாதத்தில் கைப்பேசியில் வளைகாப்புப் புடவை தேடினார் பாருங்கள், அன்றே தங்கள் தோல் ‘சென்சிடிவ்’ என்று தீர்ப்பாகிவிட்டது. தங்கள் தோலை அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது ஒரு குறையே அல்ல.

தாங்கள் தனியார் மருத்துவமனையில் பிறந்திருந்தால், டிஸ்சார்ஜ் அன்று பில்லோடு ஒரு பையும் வந்திருக்கக்கூடும். குட்டிச் சோப்பு, குட்டி ஷாம்பு, குட்டி லோஷன், எல்லாம் ஒரே கம்பெனி. கொடுப்பவர் நர்சம்மா என்பதால் அது விளம்பரம் ஆகாது, மருத்துவ ஆலோசனை ஆகிவிடும். அரசு மருத்துவமனையில் பிறந்தவர்களையும் விட்டுவிடவில்லை. 2015-இல் ஜெயலலிதா தொடங்கிவைத்த குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். எண்ணெய், ஷாம்பு, சோப்பு எல்லாம் உண்டு. கூடவே கொசுவலையோடு ஒரு படுக்கையும் உண்டு. அந்தப் பெட்டகத்திலேயே நேர்மையான பொருள் அந்தக் கொசுவலைதான். கால்வாயைத் தூர்வார எங்களால் ஆகாது, உன் பிள்ளையை நீயே மூடி வைத்துக்கொள் என்று இதைவிடத் தெளிவாக எந்த அரசாணையும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கள் தோலின் மீது வட்டமேசை மாநாடு தொடங்கும். பாட்டி நலங்கு மாவுக் கட்சி. அத்தை பவுடர் கட்சி. எதிர் ஃபிளாட் அக்கா இன்ஸ்டாகிராம் கட்சி. பெரியப்பா எந்தக் கட்சியிலும் சேராமல், ‘எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா’ என்று நடுநிலை வகிப்பார். கட்சிகள் வேறானாலும் கொள்கை ஒன்றுதான்: பிள்ளை கொஞ்சம் கலராக வேண்டும். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி ‘அம்மா கலரா, அப்பா கலரா?’ பயற்றமாவை அரக்கி அரக்கித் தேய்ப்பது அழுக்கு போகவா? பத்து நாள் குழந்தையின் தோலில் என்ன அழுக்கு இருக்கிறது, நம் தலைக்குள் இருப்பதைத் தவிர? அந்த நலங்கு மாவையும் இப்போது மூங்கில் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் அடைத்து ‘பாரம்பரியம்’ என்று லேபிள் ஒட்டி, மில்லில் அரைப்பதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பாட்டியையும் கம்பெனி வாங்கிவிட்டது.

சரி, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு மருந்துக்கடைக்குள் போவோம். பேபி ஷெல்ஃப் முன்னால் நின்று பாருங்கள். ஹைப்போஅலர்ஜெனிக். டெர்மடாலஜிஸ்ட் டெஸ்டெட். டாக்சின் ஃப்ரீ. மைல்டு. அதைவிட மைல்டு. இவற்றில் முதல் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒவ்வாமை குறைவு என்று சொல்வதானால் பரிசோதனை செய்து நிரூபித்துவிட்டுச் சொல் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975-இல் ஒரு விதி போட்டது. இரண்டு அழகுசாதனக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1977-இல் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அன்று முதல் அந்தச் சொல்லுக்கு அங்கே சட்டப்படி பொருளே இல்லை. நம் நாட்டிலோ அப்படி விதி போட்டுத் தோற்கும் சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தவறான எண்ணத்தை உண்டாக்கும் வாசகம் கூடாது என்று நம் அழகுசாதன விதிகள் சொல்கின்றன, மறுக்கவில்லை. அளவுகோலே இல்லாத வாசகத்தை எதை வைத்துத் தவறு என்று நிரூபிப்பது?

டெர்மடாலஜிஸ்ட் டெஸ்டெட் என்றால் எந்த டாக்டர், எத்தனை குழந்தைகளிடம், எத்தனை நாள், முடிவு என்ன? பாட்டிலில் இடமில்லையாம். மான்குட்டி படம் போட இடம் இருக்கிறது.

பாட்டிலைத் திருப்பினால் பொடி எழுத்தில் பொருட்பட்டியல். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவு வரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழே இருப்பவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். வாசனைக்கு ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் போதும். தோல் ஒவ்வாமை தரும் பொருட்களில் வாசனைப் பொருட்களுக்குத் தோல் மருத்துவர்கள் முன்வரிசையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை ரசாயனம் இருக்கிறது என்பது தொழில் ரகசியம். தங்கள் தொடையில் வரும் சிவப்பு மட்டும் ரகசியம் இல்லை, தெருவே பார்த்து யோசனை சொல்லும். அதேபோல, முன்பக்கம் பேபி சோப்பு என்று பஞ்சுமேகம் மிதக்க, பின்பக்கம் முதல் வரியிலேயே ‘சோடியம் பாமேட்’ என்றிருந்தால் அது சாதாரணச் சோப்புதான். காரத்தன்மை பிஎச் ஒன்பது, பத்து என்று போகும். பிறந்த சில வாரங்களில் தங்கள் தோல் தானாகவே லேசான அமிலப் படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது, பிஎச் ஐந்து சொச்சம். அதைக் கழுவித் தள்ளும் பொருளுக்குப் பெயர் மென்மை.

கண்காணிக்க ஆளே இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள், நிதானமாக இருக்கிறார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் மும்பை முலுண்ட் ஆலையில் 2007-இல் தயாரித்த பேபி பவுடரில் 15 தொகுதிகளைக் கிருமிநீக்க எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தியது. புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப்பட்ட வாயு. வாயு மிச்சம் இருக்கிறதா என்று பின்னர் சோதிக்கவில்லை என்று சொல்லி மகாராஷ்டிர உணவு மருந்து நிர்வாகம் உரிமத்தை ரத்து செய்தது 2013-இல். அந்தப் பவுடரைப் பூசிக்கொண்ட குழந்தை அதற்குள் ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

அனுபவம் போதவில்லை. 2018 கடைசியில் அதே கம்பெனியின் பவுடரில் மாதிரி எடுத்தார்கள். பிஎச் சரியில்லை என்று 2022 செப்டம்பரில் உரிமத்தை ரத்து செய்தார்கள். மாதிரி எடுத்த அன்று பிறந்த குழந்தை எல்.கே.ஜி. இந்த வேகத்தைக் கண்டித்த பம்பாய் உயர் நீதிமன்றம், புதிய மாதிரிகள் சோதனையில் தேறியதையும் பார்த்து, 2023 ஜனவரியில் அந்த ரத்தையே ரத்து செய்தது. பவுடரில் குற்றம் இருந்திருந்தால் குழந்தைகள் நான்கு ஆண்டு பூசிக்கொண்டார்கள். குற்றம் இல்லையென்றால் அரசு நான்கு ஆண்டு வெட்டியாக இருந்தது. இரண்டில் எது உண்மையானாலும் ஓர் அதிகாரியின் சம்பளத்திலும் ஒரு ரூபாய் குறைந்ததாகச் செய்தி இல்லை.

இதற்கு நடுவே 2020 மே மாதம் அந்தக் கம்பெனி டால்க் பேபி பவுடரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. வாங்குவோர் குறைந்துவிட்டார்கள், தவறான தகவல் பரவிவிட்டது, பவுடர் பத்திரமானதே என்பது கம்பெனியின் கட்சி. இருக்கட்டும். உலகம் முழுவதும் நிறுத்துவதென்று முடிவானது 2022-இல், நடைமுறைக்கு வந்தது 2023-இல். அமெரிக்கக் குழந்தைக்கு வேண்டாமென்று போன பவுடர் தாம்பரத்துக் குழந்தைக்கு மூன்று ஆண்டு அமோகமாகப் பொருந்தியது. நம் பிள்ளைகளின் தோல் அவ்வளவு பெருந்தன்மை உடையது. பவுடர் தூசி மூச்சில் போகும், குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை பூசாத குழந்தையைப் பார்த்தால் நமக்குத்தான் கை துறுதுறுக்கிறது.

இத்தனை பாட்டிலும் எதற்கு என்று யாராவது ஆராய்ந்தார்களா? ஆராய்ந்தார்கள். பிரிட்டனில் ஒவ்வாமைக் குடும்பங்களில் பிறந்த 1,394 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஓராண்டு தினமும் மாய்ஸ்சரைசர் தடவினார்கள், மறுபாதிக்குத் தடவவில்லை. இரண்டு வயதில் பார்த்தால் எக்ஸிமா இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. தடவப்பட்ட குழந்தைகளுக்குத் தோல் தொற்று சற்றுக் கூடுதல். 2020-இல் லான்செட் இதழில் வந்த செய்தி இது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இன்னும் சுருக்கமாகச் சொன்னது: குறை மாதத்தில் பிறக்காத, ஆரோக்கியமான குழந்தைக்கு நோய் வராமல் தடுக்க லோஷன், கிரீம் தினமும் பூசத் தேவையில்லை, முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். எக்ஸிமா என்ற கரப்பான் வந்துவிட்ட குழந்தைக்கு மாய்ஸ்சரைசர் மருந்துதான், அதை டாக்டர் எழுதித் தருவார். மற்ற குழந்தைகளுக்குத் தினமும் பூசவென்று எதுவும் வாங்க வேண்டாம் என்பதே இவற்றின் சாரம். எதுவும் வாங்க வேண்டாம் என்பதை ஸ்பான்சர் செய்ய எந்தக் கம்பெனி வரும்?

இனி வாழ்த்துரையை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்கு வருகிறேன். பாட்டிலில் இருப்பதைக் கழுவ அதுதானே வேண்டும்.

ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சி எல்லாவற்றையும் சேர்த்து 2021-இல் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். பலகை பெரிதாயிற்று. செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அடுக்ககங்களில் போய்ப் பாருங்கள்: பக்கெட்டில் வெள்ளைப் படிவு, ஷவரில் அடைப்பு, கோடையில் லாரி. குடிக்க கேன் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்ட போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பின் பிசுக்கு போகாமல் தோலிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஐந்நூறு ரூபாய் பாட்டிலின் மென்மை எல்லாம் இரண்டு குவளை போர் தண்ணீரில் முடிந்தது.

குரோம்பேட்டையின் கதை இன்னும் அழகு. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் குரோமிய உப்பில் ஊறவைத்து உலகத்தாரின் கால்களுக்கு மென்மையாக்கி அனுப்பிய வட்டாரம் அது. அப்பகுதி நிலத்தடி நீரை ஆராய்ந்த அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் குரோமியம் குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்ததாக 2012-இல் எழுதினார்கள். குரோமியம் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன உலோகம். செருப்புக்கான தோலை மென்மையாக்கிய மிச்சத்தைப் பூமிக்குள் விட்டுவிட்டு, அதன் மேல் அடுக்ககம் கட்டி, அங்கே பிறந்த குழந்தையின் தோலுக்கு எந்த சோப்பு மிருதுவானது என்று அம்மாக்களைத் தேடச் சொல்கிறோம்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் இதே மாநகராட்சியின் பல்லாவரம் மலைமேட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிர்களும் போயின. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தது என்றார்கள் தெருவில் இருந்தவர்கள். தண்ணீர் காரணம் இல்லை என்றார் அமைச்சர் தா.மோ. அன்பரசன். குழாய்த் தண்ணீரைக் கையில் எடுத்து மோந்து பார்த்த பிறகே பக்கெட்டில் ஊற்றும் ஊரில், ‘பிஎச் சமன்படுத்திய’ பேபி வாஷ் எது என்று ஒரு தாய் இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் தேடுகிறாள். அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. அவளுக்கு இந்த ஊரில் மாற்ற முடிந்த ஒரே பொருள் சோப்புதான். போர் தண்ணீரை அவளால் மாற்ற முடியாது. சாக்கடையை மாற்ற முடியாது. மாமியாரையும் மாற்ற முடியாது.

சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. கடையில் முப்பது பாட்டில் வைத்துவிட்டால் குற்றமும் கைமாறிவிடுகிறது. குழந்தைக்குச் சொறி வந்தால் தண்ணீர் கெட்டதென்று யாரும் சொல்வதில்லை, ‘நீ என்ன சோப்பு போட்டே?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர் மாநகராட்சி ஆணையர் இல்லை, மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரும் இல்லை, மாமியார். அரசின் வேலையை இலவசமாகச் செய்து முடிக்க வீட்டுக்கு ஒரு விசாரணை அதிகாரி.

இந்த நாட்டுக்குச் சட்டம் போடத் தெரியாது என்று சொல்ல முடியாது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால்மாவுக்கு 1992-இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2003-இல் அதை இறுக்கினார்கள். விளம்பரம் கூடாது. டின்னில் குழந்தை படம் கூடாது, தாய் படமும் கூடாது. தாய்மார்களுக்கு இலவசச் சாம்பிள் கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு கூடாது. வாயில் போவதற்கு இத்தனை கூடாது. அதே குழந்தையின் உடம்பு முழுக்கப் பூசுவதற்கு இந்தக் கூடாதுகளில் ஒன்றும் இல்லை: படம் போடலாம், பை கொடுக்கலாம், பிரசவ வார்டு வாசலில் நிற்கலாம், நடிகையின் கையில் வாடகைக் குழந்தையைக் கொடுத்துச் சிரிக்கவைக்கலாம்.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விடுவதல்ல. பிரசவ வார்டுக்குள் சாம்பிள் பை நுழையக் கூடாது. ஒவ்வாமை இல்லை என்று எழுதுகிறவன் சோதனை முடிவையும் அதே பாட்டிலில் எழுத வேண்டும். வாசனைக்குள் என்ன இருக்கிறதென்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டும். எடுத்த மாதிரியின் முடிவு, எடுத்த அன்று பிறந்த குழந்தை குப்புற விழுவதற்குள் வர வேண்டும். வார்டு வாரியாகத் தண்ணீரின் உப்பும் குரோமியமும் எவ்வளவு என்று மாநகராட்சி மாதம்தோறும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தலைவர்களை வரவேற்க ஜி.எஸ்.டி. சாலையில் பேனர் கட்டக் கிடைக்கும் இடத்தில் அந்தப் பலகைக்கும் ஒரு மூலை கிடைக்கும்.

இதில் எதுவும் ஆகாது என்றால், கனம் பொருந்தியவர்களே, நேர்மையாக ஒன்று செய்யுங்கள். தாய்-சேய் நல அட்டையின் கடைசிப் பக்கத்தில், தடுப்பூசித் தேதிகளுக்குக் கீழே, கெட்டி எழுத்தில் அச்சடித்துவிடுங்கள்: ‘இக்குழந்தையின் தோலுக்கு அரசு பொறுப்பல்ல.’ உங்கள் துறையின் பெயரால் வெளிவந்த முதல் பொய்யில்லாத லேபிளாக அது இருக்கும்.