இன்னும் ஒரு கால் சுற்று

கொல்கத்தா நெடுஞ்சாலை லாரிக்காரர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச்சாவடி. ரயிலில் போகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆரம்பாக்கத்துக்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன். எங்கள் தெருக்காரர்களுக்கோ அது கால்சுற்றார் குடியிருக்கும் ஊர்.

பெயரை விடுங்கள். அவர் ஒரு ஆள் இல்லை, ஒரு இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் மூடிய பாட்டிலை அவரேதான் திறக்க வேண்டும். அவர் வெளியூர் போன நாளில் அந்த வீட்டில் ஊறுகாய் கிடையாது. குழாயை மூடுவார், உள்ளே ரப்பர் வாஷர் அப்பளமாக நசுங்கித் தண்ணீர் சொட்டும், சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்குவார்.

மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசி முடித்து முன்பணமும் கொடுத்தாயிற்று. அதன் பிறகு தினம் ஒரு போன்: "உறுதிதானே?" பதினோராவது நாள் சமையல்காரர், "உங்களுக்கு எம்மேல நம்பிக்கை இல்ல சார், வேற ஆளப் பாத்துக்கங்க" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பாத்தியா, நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு" என்றார் கால்சுற்றார்.

இதற்கெல்லாம் மூலம் ஒரு நல்ல வாக்கியம். சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போர்மேன் சொல்லிக்கொடுத்தாராம்: "போல்ட்டு கைக்கு நின்னதுக்கு அப்புறம் கால் சுத்து. அவ்ளோதான்." முப்பது வருடம் அதை வேதமாகக் காத்தார். போர்மேன் சொன்னது ஒரே ஒரு கால் சுற்று என்பது மட்டும் விடுபட்டுப் போயிற்று. இவர் தினம் ஒன்று போடுவார். நாலு நாள் சேர்ந்தால் முழுச் சுற்று.

ஓய்வு பெற்றபின் அந்த வேதம் முழுவதும் வாசலில் நிற்கும் அம்பாசடர் மேல் இறங்கியது. 1489 சிசி டீசல் வண்டி. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றபோது, துக்கம் விசாரிப்பவர்கள் அவர் வீட்டுக்குத்தான் போனார்கள். "நம்ம திருவள்ளூர்லயே இந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு பேக்டரி இருந்துச்சு, தெரியுமா?" என்பார், பெண் கொடுத்த சம்பந்தி வீட்டைச் சொல்வதுபோல. 1998 முதல் அங்கே செய்தது லான்சர் ஆயிற்றே என்றால் காது கேட்காது.

ஒருநாள் காலை, கோலத்தின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே மையாகிவிடும், கழுவினாலும் போகாது.

"கோலத்துக்குப் புள்ளி நான் வெச்சுக்கறேன். உங்க வண்டி எதுக்கு வெக்குது?" என்றார் அவர் வீட்டு அம்மாள்.

கால்சுற்றார் கோணிப்பையை விரித்துக் கீழே நுழைந்தார். ஆயில் சம்ப்பின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கில் ஸ்பேனரைப் போட்டார். கால் சுற்று. மறுநாள் இரண்டு பொட்டு. இன்னும் ஒரு கால் சுற்று.

அந்தப் பிளக் பாவம், பெரிய பாரம் எதையும் சுமப்பதில்லை. பம்ப் இழுத்து மேலே தள்ளிய பிறகுதான் ஆயிலுக்கு அழுத்தம். சம்ப்பில் அது சும்மா தேங்கி நிற்கிறது. அதைத் தடுக்க ஒரு செம்பு வாஷர் ஒழுங்காக நசுங்கிக் கொடுத்தால் போதும். நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், மறுபடி வளைந்து கொடுக்காது. புது வாஷர் போடலாம். இல்லையென்றால் பழையதையே சிவக்கக் காய்ச்சினால் இளகிவிடும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் முறுக்கிக்கொள்ளும்; செம்பைக் காய்ச்சி எப்படி ஆறவிட்டாலும் சாதுவாகவே வரும். மருமகன்களிலும் இந்த இரண்டு ரகம் உண்டு.

சிப்காட் பக்கத்து ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யாரும் சும்மா ஆள் இல்லை. ஒருவர் பிட்டர், ஒருவர் டர்னர், டீ ஆற்றுகிறவரின் தம்பி வெல்டர். டெஃப்லான் டேப் சுற்றச் சொன்னார் ஒருவர். அனபாண்ட் தடவு என்றார் இன்னொருவர். சோதனைச்சாவடி தாண்டி வந்த ஆந்திரா லாரி டிரைவர், சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைத்தால் நிற்கும் என்றார். "அது டீசல் டேங்குக்கு அண்ணே. சுடுற ஆயில்ல சோப்பு நிக்குமா?" என்றார் வெல்டர். ஐடிஐ படிக்கும் பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அங்கிள், வாஷர மாத்திப் பாத்தீங்களா?"

"தம்பி, நீ போய்ப் படிக்கிற வேலையப் பாரு."

இரண்டாவது வாரம் ஸ்பேனர் திடீரென்று லேசாகிவிட்டது. ராட்டினம் மாதிரி போட்ட பக்கமெல்லாம் சுற்றியது. மெக்கானிக் வந்தார், படுத்தார், எழுந்தார்.

"சார், மரை கழண்டுபோச்சு."

"இப்பத்தான் தெரிஞ்சுதா தம்பி?" என்றது கதவுப் பக்கத்துக் குரல்.

சம்ப்பையே கழற்றிக் கும்மிடிப்பூண்டி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டிய புஷ் ஒன்றைப் பொருத்திப் பற்றவைத்தார் டர்னர். பிறகு டீசலில் மூன்று தடவை அலசினார். ஒரு துளி இரும்புச் சுருள் உள்ளே தங்கினாலும் பேரிங்குக்கு எமன். முன்னதாக, மரை வெட்டும்போது பக்கத்தில் நின்ற கால்சுற்றார், "இன்னும் கொஞ்சம்…" என்று ஆரம்பித்ததும் டர்னர் லேத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். இவர் டீ குடிக்கப் போனபிறகுதான் லேத் மறுபடி ஓடியது.

மெக்கானிக் விவரமானவர். புது வாஷர் போட்டு, குட்டை ஸ்பேனரால் இறுக்கி, போல்ட் தலையிலிருந்து சம்ப் வரைக்கும் வெள்ளை பெயிண்டில் ஒரே கோடாக இழுத்தார். "பேக்டரில பாத்திருப்பீங்களே சார். கோடு நேரா இருந்தா போல்ட்டு அசையலன்னு அர்த்தம். தினம் டார்ச் அடிச்சுப் பாருங்க. பாக்கறது மட்டும்தான்."

ஒரு வாரம் கோலம் கோலமாகவே இருந்தது. எட்டாம் நாள் காலை கால்சுற்றார் என்னைக் கூப்பிட்டு, தன் கையாலேயே கோணிப்பையை விரித்தார். "உள்ள போய்ப் பாருங்க. ஒரு பொட்டு இருக்கா?"

படுத்துப் பார்த்தேன். பொட்டு இல்லை, ஈரம்கூட இல்லை. டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். சம்ப்பில் இருந்த பாதிக் கோடு பன்னிரண்டு மணி காட்டியது. போல்ட் தலையில் இருந்த பாதி மூன்று மணி காட்டியது.

நான் வெளியே வந்து வாயைத் திறப்பதற்குள், "ஒரே ஒரு தடவதான்" என்றார்.